அக்வா ஹைபிரிட் பற்றரியை வீட்டில் திறக்கலாமா? 12 வோல்ட்டைக் கழற்றினால் போதுமா?

களுவாஞ்சி ஹயர்காரன் கேட்டது:

அண்ணன்மாருக்கு வணக்கம். மாமாவின் 2013 டொயோட்டா அக்வாவை ஹயருக்கு ஓட்டுகிறேன். போன வாரம் களுவாஞ்சிகுடியிலிருந்து அம்பாறைக்கு ஒரு ஹயர் போய்த் திரும்பும்போது டாஷ்போர்டில் முக்கோண விளக்கு பற்றிவிட்டது. கராச்சில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள். பி0ஏ80 என்று வந்தது. ஹைபிரிட் பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தக் காசு இப்போது எங்களிடம் இல்லை. லீசிங் இன்னும் முடியவில்லை.

யூடியூப்பில் பார்த்தேன். பற்றரிக்குள் தொடராக அடுக்கியிருக்கிற சின்னப் பற்றரிகளை, அதாவது மொடியூல்களை, இணைக்கிற செப்புப் பட்டைகளில் பச்சை பிடித்தாலும் இந்தக் கோட் வருமாம். கழற்றி, வினாகிரியில் ஊறவைத்து, துடைத்துப் பூட்டினால் சரியாகலாமாம். சனிக்கிழமை கடைசி ஹயர் முடிந்ததும் வீட்டுப் போர்டிகோவில் வைத்து நானே செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

மூன்று கேள்வி. 12 வோல்ட் பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டால் எல்லாம் நின்றுவிடுமா? வீட்டுக் கரண்ட் 230, அது எனக்கு இரண்டு தரம் அடித்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. இந்த ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட் தானே, அவ்வளவு பயப்பட வேண்டுமா? கார் கழுவ வாங்கிய ரப்பர் கையுறை ஒன்று கிடக்கிறது, அது காணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடி மச்சான்:

பயப்பட ஒன்றுமில்லை மச்சான். நானும் போன வருடம் என்னுடையதைத் திறந்து துடைத்தேன், கையுறை கூடப் போடவில்லை. திறந்த பிறகு சும்மா விரலால் ஒரு பட்டையைத் தொட்டும் பார்த்தேன், ஒரு சுணையும் இல்லை. 12 வோல்ட்டைக் கழற்று, ஹைபிரிட் பற்றரியில் இருக்கிற ஆரஞ்சு பிளக்கை இழு, வேலையை முடி. இதற்குப் போய் கராச்சுக்குக் காசு கொடுக்காதே.

வாவிக்கரை:

தம்பி, சனிக்கிழமை வருவதற்குள் இதை முழுதாக வாசியுங்கள். நீளமாக எழுதப் போகிறேன். இந்த வேலையை நான் கல்லடியில் செய்கிறேன். அதற்கு முன் கத்தாரில் 11 வருடம் துணைமின் நிலையங்களில் 11,000 வோல்ட் சுவிட்ச்கியரோடு நின்றவன். அங்கே எனக்கு ஒரு கீறலும் இல்லை. அடி வாங்கியது ஊருக்கு வந்து, 200 வோல்ட் பற்றரியிடம்.

முதலில் செங்கலடித் தம்பி சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அடித்திருக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கரண்டின் ஒரு பக்கம் நிலத்தோடு சேர்ந்திருக்கிறது. அதனால் லைன் வயரை ஒரு விரலால் தொட்டாலே உடம்பு வழியாகக் கால்வரைக்கும் பாதை கிடைத்துவிடும். ஹைபிரிட் பற்றரி அப்படியில்லை. பிளஸ்ஸும் மைனஸும் இரண்டுமே காரின் பொடியோடு, அதாவது தகர உடலோடு, சேராமல் தனியே நிற்கின்றன. ஒரு முனையை மட்டும் தொட்டால் பாதை முடியாது, ஒன்றும் தெரியாது. இரண்டாவது கை எங்கே படுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு மொடியூல் கசிந்து அந்தத் திரவம் தகரத்தட்டில் ஊறியிருந்தால் கதை இன்னும் மாறும். அப்போது பொடியே ஒரு முனையாகிவிடும். காரின் தகரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு பட்டையைத் தொட்டாலும் காணும். ஸ்கானரில் பி0ஏஏ6 என்ற கோடும் சேர்ந்து வந்ததா என்று கராச்சில் கேளுங்கள். அது வந்திருந்தால் இன்சுலேஷன் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரை நீங்கள் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது, 230 அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கும். 30 மில்லியம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் கண்மூடி முழிக்குமுன் வெட்டிவிடும். அன்று உங்களைக் காப்பாற்றியது அதுவாகவோ காய்ந்த கையாகவோ காலில் கிடந்த செருப்பாகவோ இருக்கலாம். பற்றரிப் பொதிக்குள் ட்ரிப் சுவிட்ச் கிடையாது. பியூஸ் இருக்கிறது, ஆனால் அது வயரையும் பற்றரியையும் காக்க வைத்தது. உங்கள் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் அதற்குத் தூசு. நம்மூர் வெக்கையில் வியர்த்த கையோடு உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று எடுத்தால் 144 வோல்ட்டுக்கு 144 மில்லியம்பியர். அது ஓடிக்கொண்டே இருக்கும், வெட்ட ஆளில்லை. தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாமலும் போகலாம்.

144 என்பதும் பெயருக்குத்தான். உள்ளே 20 மொடியூல், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். சார்ஜ் இருக்கும்போது மீற்றரில் ஒவ்வொன்றும் 8க்குக் கிட்டக் காட்டும், கூட்டிப் பாருங்கள். முன்னால் இன்வெர்ட்டருக்குள் அதை 520 வரை ஏற்றித்தான் மோட்டருக்குக் கொடுக்கிறார்கள். அங்கே சார்ஜைச் சேர்த்து வைக்கிற கப்பாசிற்றர் இருக்கிறது. காரை நிறுத்தினாலும் அது உடனே காலியாகாது. அதனால்தான் பிளக்கை எடுத்த பிறகு 10 நிமிடம் எதையும் தொடாதே என்று டொயோட்டாவே சொல்கிறது.

12 வோல்ட்டைக் கழற்றுவதில் ஒரு பாதி நன்மை உண்டு. உள்ளே இருக்கும் ரிலேக்கள், அதாவது 12 வோல்ட்டில் இயங்குகிற சுவிட்சுகள், திறந்துவிடும், பொதிக்கு வெளியே போகிற தடித்த ஆரஞ்சுக் கேபிள்கள் பற்றரியிலிருந்து பிரிந்துவிடும். ஆனால் நீங்கள் கை வைக்கப் போவது பொதிக்கு உள்ளே. அங்கே 12 வோல்ட் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஆரஞ்சு பிளக்கை இழுத்தால் தொடர் நடுவில் அறுகிறது, அவ்வளவுதான். மொடியூல்கள் தங்கள் சார்ஜை எங்கும் கொட்டிவிடுவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017 தை மாதம், மாரி மழை விட்டும் விடாமலும் பெய்த நேரம். அப்போது சொந்தக் கராச் இல்லை, ஒருவரிடம் வேலை. ஒரு பிரியஸ் ஹைபிரிட் கார், 28 மொடியூல், 201.6 வோல்ட். முறைப்படி எல்லாம் செய்தேன். பிளக்கை இழுத்தேன், காத்திருந்தேன், முனைக்கு முனை மீற்றர் வைத்தேன், பூச்சியம். கையுறையோடுதான் தொடங்கினேன். பட்டைகளைப் பூட்டுகிற நட்டு 8 மில்லிச் சாவிக்குரிய சின்ன நட்டு, கையுறைக்குள் பிடிபடாது. பூச்சியம் என்று பார்த்தாயிற்றே என்று கழற்றி வைத்தேன். பிளக் காரின் கூரைமேல் கிடந்தது. கார்க்காரர் வாசலில் நின்று போனில் அவசரப்படுத்துகிறார். உதவிக்கு நின்ற பொடியன் கூரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மறந்து வைத்தது என்று நினைத்து இடத்தில் செருகிவிட்டான். செருகியது அவன் நல்ல மனதோடு செய்த வேலை. என் இடது உள்ளங்கை ஒரு முனைப் பட்டையில் ஊன்றியிருந்தது, வலது நடுவிரல் மறுமுனை நட்டில்.

சத்தம் எதுவும் இல்லை. இரண்டு கையும் தாமாக மூடிக்கொண்டன. திறக்கச் சொல்கிறேன், திறக்கவில்லை. நெஞ்சை ஆரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி. முழங்கால் மடிந்து பின்பக்கம் விழுந்ததால் கை விடுபட்டது. விழாமல் காரில் சாய்ந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. நடுவிரல் நுனியில் நட்டின் ஒரு மூலை அச்சாக வெந்திருந்தது, இன்றைக்கும் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், நகம் கோணலாகத்தான் வளர்கிறது. பொடியன் அன்று முழுக்க அழுதான். அவனில் பிழை இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பிளக்கைக் கூரைமேல் வைத்தவன் நான்.

கத்தாரில் வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, திறப்பைத் தன் பொக்கெற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. மேலதிகாரி வந்து கேட்டாலும் திறப்பைக் கொடுக்க முடியாது. 11 வருடம் அப்படிச் செய்தவன், ஊரில் கார்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது என் கராச்சில் பிளக்கை இழுத்தவுடன் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவேன், திறப்பு என் சேர்ட் பொக்கெற்றில். காரின் ஸ்மார்ட் திறப்பும் அதே பெட்டிக்குள் போய், பெட்டி அலுவலக அறைக்குப் போய்விடும். ஸ்மார்ட் திறப்பு 5 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் ஓடத் தயாராக, ரெடியில் நிற்கும், உங்களுக்குத் தெரியாது.

கார் கழுவுகிற கையுறை வேண்டாம். அதற்கு வோல்ட் அளவு கிடையாது. மின்வேலைக்கென்று 1,000 வோல்ட் வகுப்பு 0 என்று அச்சடித்த ரப்பர் கையுறை இருக்கிறது, அதற்கு மேலே தோல் கையுறை ஒன்று போட வேண்டும், பட்டை விளிம்பு ரப்பரைக் கிழிக்காமல் இருக்க. போடுமுன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்துக்குக் கிட்டே பிடித்து அமுக்கிப் பாருங்கள். ஊசித்துவாரம் இருந்தால் காற்று கன்னத்தில் படும். வெயிலில் காயப்போடவோ மடித்து டிக்கிக்குள் எறியவோ கூடாது, நம்மூர் வெக்கையில் ரப்பர் வெடித்துவிடும். நட்டுப் பிடிபடாத சிக்கலுக்கு எனக்குப் பிறகு ஒரு வழி கிடைத்தது. சொக்கற்றுக்குள் ஒரு துளி கிறீஸ் தொட்டால் நட்டு அதற்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரல் போகவே தேவையில்லை. அந்த ஒரு துளி கிறீஸ் அன்று தெரிந்திருந்தால் கையுறையைக் கழற்றியிருக்க மாட்டேன்.

மோதிரம், மணிக்கூடு, சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். குனியும்போது சட்டை மேலேறி அரைஞாண் வெளியே வரும், பலர் யோசிப்பதில்லை. ஸ்பனரில் கறுப்பு ரேப் சுற்றினால் போதாது, எண்ணெய் பட்டால் வழுகி உரியும். 1,000 வோல்ட் அடையாளமிட்ட சாவிதான் வேண்டும்.

வேலை முறையில் ஒன்றைச் சொல்லித் தருகிறேன், இது ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். பட்டைகள் பொதியின் இரண்டு பக்கமும் மாறி மாறி இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றப் போகாதீர்கள். முதலில் நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கத்துப் பட்டைகளை முழுதாக எடுத்துவிடுங்கள். அப்போது 20 மொடியூலும் இரண்டிரண்டாகப் பிரிந்து 14.4 வோல்ட் சோடிகளாக இறங்கிவிடும். அதுவரைக்கும் கையுறை கழறக் கூடாது. கழற்றாத பகுதியை ரப்பர் பாயால் மூடி வையுங்கள். மொடியூல் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் 1 முதல் 20 வரை எழுதி, போனில் படமும் எடுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் பூட்டினால் அதுவே பெரிய அநியாயம் செய்யும்.

பட்டைகளைப் பொதியிலிருந்து வெளியே எடுத்து, வேறு மேசையில் வைத்துத்தான் வினாகிரி. கழுவி, ஈரம் சொட்டும் இல்லாமல் காயவிட்டுப் பூட்டுங்கள். இரும்பு நார் கிட்டவும் வரக் கூடாது, ஒரு மயிரளவு நார் உள்ளே விழுந்தாலும் இரண்டு முனையைச் சேர்த்துவிடும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும். மொடியூலின் கழுத்தில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது கசிந்த காரம், பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, கண்ணாடி போடுங்கள். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, சனிக்கிழமை இரவு, தனியாக என்றீர்கள். அது இரண்டும் வேண்டாம். களைத்த கண்ணோடும் போன் லைற்றோடும் செய்கிற வேலை இல்லை இது. பகலில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவருக்கு ஒரே வேலை, உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது.

களுவாஞ்சி ஹயர்காரன்:

அண்ணன், இரண்டு தரம் வாசித்தேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவர் சனிக்கிழமை காரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். கராச்சில் கேட்டேன், பி0ஏஏ6 வரவில்லை. ஒரு சந்தேகம். மீற்றர் என்னிடம் இருப்பது சாதாரண மஞ்சள் மீற்றர். அது காணுமா?

வாவிக்கரை:

அதன் முகத்தில் கற் 3 (CAT III) என்ற பாதுகாப்பு வகுப்பும் 600 அல்லது 1,000 வோல்ட் என்றும் எழுதியிருக்க வேண்டும். மலிவு மீற்றர்கள் வோல்ட் அளக்கும்போதே உள்ளே வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பூச்சியம் காட்டினால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கரண்ட் இல்லை, மற்றது மீற்றர் செத்துவிட்டது. அதனால் முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒன்றில் வைத்துப் பார்த்து, பிறகு பொதியில் பார்த்து, மறுகா திரும்பவும் அந்தக் கரண்ட் உள்ளதில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியென்றால்தான் அந்தப் பூச்சியத்தை நம்பலாம்.

மருதமுனைக் காக்கா:

சோலர் பூட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். டீசீ, அதாவது பற்றரியிலும் சோலரிலும் ஒரே திசையில் ஓடுகிற கரண்ட், அதன் குணம் பலருக்கு விளங்குவதில்லை. வீட்டு ஏசீ கரண்ட் ஒரு செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்துக்கு வந்து போகும், அதனால் தீப்பொறி தானாக அணையச் சந்தர்ப்பம் உண்டு. டீசீ அப்படிப் பூச்சியத்துக்கு வராது. கூரையில் பலகைகள் தொடராக நின்றால் 400, 500 வோல்ட் சர்வசாதாரணம், சூரியன் இருக்கும்வரை நிறுத்தவும் முடியாது. கீழே இன்வெர்ட்டரை நிறுத்தாமல் கூரையில் இணைப்பை இழுத்த ஒருவரின் கையில் நெருப்பு நூலாக இழுபட்டு வந்ததைக் கல்முனையில் நேரில் கண்டேன். பிளாஸ்ரிக் உருகிச் சொட்டியது. அல்லாஹ் காப்பாற்றினான். கார் பற்றரியும் அதே டீசீதான். கரண்ட் ஓடும்போது ஒரு பட்டையும் ஒரு பிளக்கும் கழறக் கூடாது தம்பி.

ஆரையம்பதி அக்கா:

நான் தாதி. வாவிக்கரை அண்ணன் அன்று விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று எழுதவில்லை. பக்கத்தில் நிற்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். கரண்ட் பிடித்தவரை வெறுங்கையால் இழுக்காதீர்கள், நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். காய்ந்த பலகை, காய்ந்த உலக்கை ஏதாவது ஒன்றால் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்துங்கள், அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து நின்று "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோலில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். இதயத்தின் துடிப்பு பிழைத்திருக்கிறதா என்று ஈசீஜீ எடுத்துத்தான் பார்க்க முடியும்.

வாவிக்கரை:

தங்கச்சி, அன்று போகவில்லை. சாராயம் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்தேன். மனைவிக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். நீங்கள் எழுதியதை அச்சடித்துக் கராச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

களுவாஞ்சி ஹயர்காரன்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். வீட்டில் திறக்கவில்லை. கல்லடிக்கே கொண்டுபோனேன். அண்ணன் கிட்ட நிற்க விட்டார், ஆனால் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம். பின்சீற்றைத் தூக்கி மூடியைக் கழற்றியதும் ஒரு பக்கத்துக் கதவோரம் இருந்த நாலு பட்டைகளில் பாசி மாதிரிப் பச்சை, ஒன்றில் வோல்ட் பார்க்கிற மெல்லிய வயரின் முனை அரித்துத் தொட்டவுடன் கையோடு வந்தது. மொடியூல் ஒவ்வொன்றையும் ஹெட்லைற் பல்ப் ஒன்றில் பூட்டி வோல்ட் இறங்குவதைப் பார்த்தார். 14ஆவது மட்டும் மற்றவற்றைவிட 1.2 குறைவாக விழுந்தது, ஒரு செல் செத்துவிட்டதாம். பட்டைகளை மட்டும் துடைத்திருந்தால் விளக்கு திரும்பவும் வந்திருக்கும் என்றார். அதற்குப் பொருத்தமான பழைய மொடியூல் ஒன்று போட்டு, எல்லாவற்றையும் சார்ஜ் சமப்படுத்திப் பூட்டினார். இப்போது மூன்று நாளாக ஓடுகிறேன், விளக்கு வரவில்லை. வேலை நடந்த முழு நேரமும் அந்த இரும்புப் பெட்டி அலுவலக அறையில் இருந்தது. இடையில் மாமா வந்து "காரை ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்போமா" என்று கேட்டார். அண்ணன் பொக்கெற்றைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தன்பாட்டில் வேலை செய்தார்.

வாவிக்கரை:

தம்பி, பின்சீற்றின் அடியில் காற்று இழுக்கிற துவாரத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் காரில் அந்த விசிறியிலிருந்து எடுத்த தும்பும் மணலும் ஒரு கை நிறைய இருந்தது. ஹயருக்கு வருகிறவர்கள் கருவாட்டுப் பொதியையும் பாயையும் அதற்கு நேரே வைத்து அடைத்துவிடுவார்கள். காற்று இல்லாமல் சூடேறித்தான் நடு மொடியூல்கள் முதலில் சாகின்றன. மாதத்துக்கு ஒரு தரம் துவாரத்தில் வக்கூம் பிடியுங்கள். அதற்குக் கையுறையும் வேண்டாம், பிளக்கையும் தொட வேண்டாம்.